முதலில் சாகும் பாகம் எங்கே இருக்கிறது?

மூன்று வாரங்களுக்கு முன்னால் என் வயர்லெஸ் மவுஸின் இடது கிளிக் கெட்டுப்போனது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொண்டது. என் வேலை பக்க வடிவமைப்பு. நாள் முழுக்கப் பத்திகளையும் படங்களையும் பிடித்து இழுத்து வைக்கிற வேலை. இழுத்துக்கொண்டிருக்கும்போதே பிடி விட்டு, படம் பாதி வழியில் விழுந்துவிடும். எங்கே விழுந்தது என்று தேடி எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் நான்கு முறை இப்படி நடந்தால் கை மட்டுமா, மனசும் சோர்ந்துவிடுகிறது.

முதலில் கணினியைச் சந்தேகப்பட்டேன். மவுஸின் சிக்னலை வாங்கும் டாங்கிளை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினேன், மவுஸையே வேறு கணினியில் போட்டுப் பார்த்தேன். எங்கே போனாலும் அதே கதைதான். கிளிக் எண்ணும் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இடது பொத்தானை நிதானமாக 100 முறை அழுத்தினேன். எண்ணிக்கை 119 காட்டியது. வலது பொத்தானை 100 முறை அழுத்தினால் சரியாக 100. அப்புறம் சந்தேகமே இல்லை, பழுது இடது பொத்தானுக்கு அடியில் உள்ள சுவிட்சில்தான்.

நான்கு வருடம் உழைத்த மவுஸ். மேல் ஓட்டில் கீறல் இல்லை, சென்சார் இன்னும் துல்லியமாக ஓடுகிறது. விரல் நகத்தைவிடச் சின்ன ஒரு பாகத்துக்காக மொத்தத்தையும் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. திறப்பது என்று முடிவு செய்தேன். திறக்கிறதுதான் திறக்கிறோம், இதைப் பழுது பார்க்க எவ்வளவு இடம் கொடுத்துச் செய்திருக்கிறார்கள் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். நோட்டின் முதல் வரியாக ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: முதலில் சாகும் பாகத்தைத் தொட எத்தனை படி?

உருண்டை மவுஸ் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். அடியில் ஒரு வளையம், அதில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறி. திருப்பினால் வளையம் கையோடு வரும், ரப்பர் உருண்டை உள்ளங்கையில் விழும். உள்ளே இருக்கும் உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டு மூடிவிடலாம். அடிக்கடி கெடுகிற இடம் எது என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, அந்த இடத்துக்கு ஒரு கதவும் வைத்திருந்தார்கள். எந்தப் பொருளைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கதவைத்தான்.

இந்த மவுஸில் கதவு இல்லை. வெளியே ஒரு ஸ்க்ரூ கூடத் தெரியவில்லை. அடியில் வழுக்கிச் செல்வதற்காக ஒட்டியிருக்கும் டெஃப்ளான் பாதங்களுக்குக் கீழேதான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டினேன். டெஃப்ளானுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை, அது உருக 327 டிகிரி வேண்டும். இளகுவது அடியில் உள்ள பசைதான். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்தில் நுழைத்து மெல்ல மெல்லத் தள்ளினேன். இங்கே அவசரப்பட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பாதம் மடங்கிவிடும். மடங்கிய பாதத்தைத் திரும்ப ஒட்டினால் மவுஸ் மேஜையில் சமமாக உட்காராது, ஒவ்வொரு அசைவிலும் உரசும். இரண்டு பாதங்களையும் வளையாமல் எடுத்து, மெழுகு பூசிய ஸ்டிக்கர் தாளின் மேல் பசைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன்.

நான்கு ஸ்க்ரூ கிடைத்தது. கழற்றினேன். ஓடு பிரியவில்லை.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஓட்டை உடைத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். முன்பக்கம் லேசாக வாய் திறக்கிறது, நடுவில் மட்டும் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பலம் காட்டினால் பிளாஸ்டிக் தூண் முறியும். நான் பலம் காட்டவில்லை. அடியில் ஒட்டியிருந்த லேபிளைக் கட்டை விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தேன். மாதிரி எண் அச்சிட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் லேபிள் ஒரு பருப்பு அளவுக்கு உள்ளே குழிந்தது. ஐந்தாவது ஸ்க்ரூ அங்கே. பிளேடால் வட்டமாகக் கீறி எடுத்தேன். இந்த ஸ்க்ரூ மற்ற நான்கையும்விடக் குட்டையானது. நீளமானதை இங்கே தவறிப் போட்டு இறுக்கினால் மேலே இருக்கும் மின்சுற்று போர்டை இடிக்கும். அதனால் ஒரு தாளில் மவுஸின் அடிப்பக்கத்தை வரைந்து, ஸ்க்ரூக்களை அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டிவைத்தேன்.

இதற்கு நோட்டில் கடுமையாகவே எழுதினேன். பாதத்துக்குக் கீழே ஸ்க்ரூ வைப்பதையாவது ஏற்றுக்கொள்ளலாம், அடிப்பக்கத்தில் இடம் குறைவு. லேபிளுக்கு அடியில் வைத்ததற்கு அப்படி ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மில்லிமீட்டர் தள்ளி லேபிளை ஒட்டியிருந்தால் போதும்.

ஓட்டைப் பிரிக்கும்போது புத்தகத்தைத் திறப்பதுபோலத் திறக்க வேண்டும். மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கிறது. பக்கவாட்டுப் பொத்தான்கள் இருக்கும் சின்ன போர்டு மேல் ஓட்டில் இருப்பதால் இந்த ஏற்பாடு. சட்டென்று தூக்கியிருந்தால் கேபிள் கிழிந்திருக்கும். கனெக்டரில் கறுப்பாக ஒரு சின்ன மடல் இருந்தது. நகத்தால் மேலே நிமிர்த்தியதும் கேபிள் தானாக விட்டது. அந்த மடலைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. செய்தவர்களில் யாரோ ஒருவர், இது மறுபடி திறக்கப்படும் என்று நினைத்திருக்கிறார்.

அந்த நிம்மதி பேட்டரியைப் பார்க்கும்வரைதான். பின்பக்கத்தில், ஸ்க்ரோல் வீலுக்குப் பின்னால், இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய தட்டையான லித்தியம் பாலிமர் பேட்டரி. மேலே 502535, 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அந்த ஆறு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: 5.0 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம். அதே அளவில் எங்கே கிடைத்தாலும் உள்ளே உட்காரும். ஆக, பேட்டரி பொதுவான ஒன்றுதான். ஆனால் சிவப்பு, கறுப்பு ஒயர் இரண்டையும் நேராக போர்டில் சால்டர் செய்துவிட்டார்கள், அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டிவிட்டார்கள். ஒரு சின்ன இருமுனை கனெக்டர் வைத்திருந்தால் சால்டரிங் தெரியாத ஒருவரும் இதை மாற்றிவிடலாம். மல்டிமீட்டரில் 3.9 வோல்ட் காட்டியது, இப்போதைக்கு நலம்தான். இருந்தாலும் முன்பு ஐந்து வாரம் வந்த சார்ஜ் இப்போது மூன்று வாரம்தான் வருகிறது. லித்தியம் பேட்டரி பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் தேயும். என் நோட்டில் இதற்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண்.

இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பேட்டரி ஒயர்களை வெட்டும்போது சிவப்பையும் கறுப்பையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். கட்டரின் உலோகம் இரண்டையும் சேர்த்துவிடும், ஷார்ட் ஆகும். ஒன்றை வெட்டி, முனையில் டேப் சுற்றிவிட்டு, பிறகு அடுத்தது. டேப்பிலிருந்து பெயர்க்க உலோகக் கருவி எதையும் அடியில் நுழைக்கக் கூடாது. உறை கிழிந்தால் தீப்பிடிக்கும்.

சரி, சுவிட்சுக்கு வருகிறேன்.

பொத்தானுக்கு நேர் கீழே போர்டில் நிற்கும் கறுப்புப் பெட்டி அது. அளவு 12.8 மி.மீ. நீளம், 5.8 மி.மீ. அகலம். எத்தனையோ மவுஸ்களில் இதே அளவுதான், மூன்று கால்களும் அதே இடைவெளியில்தான். மேசை இழுப்பறையில் கேபிள் அறுந்து பல வருடமாகக் கிடந்த பழைய ஒயர் மவுஸைத் திறந்து பார்த்தேன். அதன் வலது பொத்தானுக்கு அடியில் இதே சுவிட்ச். வலது கிளிக்கை யாரும் அவ்வளவாக அழுத்துவதில்லை, அதனால் புதியது போலவே இருந்தது.

சால்டரிங்கில் ஒரு சிறிய நுணுக்கம் உண்டு. தொழிற்சாலையில் பயன்படுத்தும் ஈயமில்லாத சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். ஈயம் கலந்த பழைய வகை 183 டிகிரியிலேயே உருகும். அதனால் ஒவ்வொரு காலிலும் முதலில் கொஞ்சம் ஈயச் சால்டரை இட்டு, பழையதோடு கலக்கவிட்டேன். கலவை சீக்கிரம் இளகும், பிறகு உறிஞ்சியால் இழுக்கலாம். மூன்று காலும் ஒன்றாக விடுபடாமல் சுவிட்சை ஆட்டி இழுத்தால் போர்டில் இருக்கும் செப்பு வட்டம் உரிந்து வந்துவிடும். என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இன்னும் ஒரு கால் பிடிச்சிட்டு இருக்கு" என்று அவள்தான் சொன்னாள். அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. நடுக் காலுக்கு இன்னொரு தடவை சூடு காட்டியதும் சுவிட்ச் தன் எடையிலேயே கீழே விழுந்தது.

கழற்றிய சுவிட்சைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. பக்கவாட்டில் பிளேடு முனையை விட்டு நெம்பினால் மூடி எழும்பும். உள்ளே, தாளைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு செப்புக் கலவைத் தகடு. அதன் நடுவில் வெட்டிய நாக்கு வில்போல வளைந்து ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது நம் விரலில் உணரும் அந்த 'டிக்' முழுக்க இந்த வளைவில்தான் இருக்கிறது. தகட்டின் முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்ன ஒரு தொடுபுள்ளி. பூதக்கண்ணாடியில் பார்த்தோம். பளபளவென்று இருக்க வேண்டிய புள்ளியின் நடுவில் ஒரு கறுப்புத் தழும்பு.

"இந்தக் கறுப்புதான் ரெண்டு தடவை அழுத்துதா?" என்றாள்.

அதேதான். எந்த சுவிட்சும் தொடும் நொடியில் ஒரு துள்ளல் துள்ளும், மவுஸுக்குள் இருக்கும் சிப் சில மில்லி நொடி பொறுத்திருந்து அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். தொடுபுள்ளி கறுத்து, தகடும் தளர்ந்துவிட்டால், பொறுத்திருக்கும் நேரத்தையும் தாண்டித் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. சிப்புக்கு அது இரண்டாவது கிளிக். என் படம் பாதி வழியில் விழுந்ததற்கு இதுதான் காரணம். புள்ளியைச் சுத்தம் செய்து, நாக்கை மறுபடி வளைத்து மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தகட்டின் தளர்ச்சி திரும்ப வரும் என்பதால் நான் சுவிட்சையே மாற்றினேன். மாற்றும்போது திசை முக்கியம். மூன்று காலும் சம இடைவெளியில் இருப்பதால் தலைகீழாகவும் உள்ளே போய்விடும். அழுத்தும் முனை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்க்ரோல் வீலையும் பார்த்தேன். தனியே கழற்ற வருகிறது, அது சுழல்வதை எண்ணும் என்கோடர் மட்டும் சால்டரில் நிற்கிறது. தூசியை ஊதிவிட்டதோடு சரி.

மதிப்பெண்ணுக்கு வருவோம். பொருட்களைப் பிரித்துப் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடும் பழக்கத்தைப் பழுது பார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பல வருடங்களாக வைத்திருக்கிறது. பிரான்ஸ் நாடு 2021 முதல் கைபேசி, மடிக்கணினி போன்றவற்றுக்கு இப்படி ஒரு பழுது பார்ப்புக் குறியீட்டை விற்பனையின்போதே காட்டச் சொல்லிச் சட்டமாக்கியது. ஆவணம், பிரிக்கும் எளிமை, உதிரி பாகம் கிடைப்பது, அதன் விலை எல்லாம் அதில் கணக்கு. அந்தப் பட்டியலில் மவுஸ் இல்லை. என் கணக்கில் இந்த மவுஸுக்கு 10-க்கு 5. சுவிட்சும் பேட்டரியும் பொதுவான அளவில் இருப்பதற்கும், கனெக்டரின் மடலுக்கும், ஓடு பசையில்லாமல் ஸ்க்ரூவில் நிற்பதற்கும்தான் அந்த ஐந்து. லேபிளுக்குக் கீழே ஒளித்த ஸ்க்ரூவுக்கும், போர்டில் சால்டர் செய்த பேட்டரிக்கும் மீதி போய்விட்டது. பேட்டரி ஒன்றுக்குக் கனெக்டர் வைத்து, அடியில் தெரிகிற மாதிரி ஒரு மூடி போட்டிருந்தால் தயங்காமல் 8 கொடுத்திருப்பேன்.

இது நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிகளின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் பொருளில் இருக்கும் சிறிய பேட்டரியைப் பயன்படுத்துபவரே எளிதாக எடுத்து மாற்ற முடிய வேண்டும். சில விலக்குகள் இருக்கின்றன. ஆனால் எளிது என்றால் என்ன என்பதையும் விதியே சொல்கிறது: கடையில் கிடைக்கும் கருவி போதும் என்று இருக்க வேண்டும், சூடு காட்டவோ கரைப்பான் ஊற்றவோ தேவைப்படக் கூடாது. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். என் பேட்டரிக்குப் போகும் வழி ஹேர் டிரையரில் தொடங்கி சால்டரிங் அயர்னில் முடிகிறது.

மூடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதினேன்: ஸ்க்ரூ 5, நான்கு பாதத்துக்குக் கீழே, குட்டை ஸ்க்ரூ லேபிளில். பேட்டரி 502535. இடது சுவிட்ச் மாற்றிய மாதம், வருடம். அதை மேல் ஓட்டின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்டினேன். லேபிளில் கீறிய வட்டத்தை மூடாமல் அப்படியே விட்டுவிட்டேன், இனி அந்த ஸ்க்ரூ வெளியே தெரியும். பழைய பாதங்கள் இன்னும் பிடிக்கின்றன.

நூறு முறை அழுத்தினேன். நூறு.

பேட்டரி இன்னும் ஒரு வருடம் தாங்கலாம். அதை மாற்றும் நாளில் நானே ஒரு இருமுனை கனெக்டர் வைத்துவிடுவேன். சிவப்பு எந்தப் பக்கம், கறுப்பு எந்தப் பக்கம் என்பது கனெக்டரோடு விற்கும் பேட்டரிகளில் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், அதனால் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் பார்த்துவிட வேண்டும். இதையும் அந்தத் துண்டுத் தாளில் கடைசி வரியாக எழுதியிருக்கிறேன்.