99 ரூபாய் ஹோஸ்டிங்கும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும்

மதுரைக் கோயில்கள், திருவிழா, சாப்பாடு பற்றித் தமிழில் எழுதும் எங்கள் வலைப்பூவை இலவசத் தளத்திலிருந்து சொந்த டொமைனில் (தளத்தின் பெயரில்) வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு மாற்ற ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைச் சர்வர் இடம்) தேடியபோது பார்த்தவை இவை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த எதுவும் கடைசி முடிவுக்கு உதவவில்லை.

முதலில் விலை. 'மாதம் 99 ரூபாய்' என்றால் பெரும்பாலும் 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். 4,752 ரூபாய், 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5,607. கீழே பொடி எழுத்தில் ரினிவல் 349 என்று இருந்தால், ஐந்தாம் வருஷம் அந்த ஒரு வருஷத்துக்கே வரியோடு 4,942 ஆகிவிடும். எண்கள் உதாரணத்துக்குத்தான், கணக்கு எங்கேயும் இப்படித்தான் போகும். அதனால் ரினிவல் விலையை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி ஒப்பிட்டோம். பாதிப் பெயர்கள் அங்கேயே அடிபட்டன. 'இலவச டொமைன்' வேண்டாமென்று டொமைனைத் தனியாக வேறிடத்தில் வாங்கினோம். ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம். பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் டொமைன் விலையைக் கழித்துக்கொண்டுதான் பெரும்பாலும் தருவார்கள்.

'அளவில்லா இடம்' என்பதும் அப்படித்தான். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ் எழுத்தும் அதோடு சேரும் குறியும் தனித்தனியே 3 பைட்; 'மதுரை' என்ற சொல்லில் மூன்று எழுத்து, இரண்டு குறி, ஆக 15 பைட். அப்படியிருந்தும் 500 நீளமான பதிவுகளின் எழுத்து மொத்தமும் சில பத்து எம்.பி.யைத் தாண்டுவது கஷ்டம். தின்பது படம்தான், அதிலும் கோப்பு எண்ணிக்கை. பெரிய படம் ஒன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதை அளவு அளவாக வெட்டி 7, 8 கோப்புகளாக வைக்கும். பதிவுக்கு 6 படம், 500 பதிவு என்றால் 24,000 கோப்பு. இத்தோடு, பக்கங்களைத் தயாராகச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்-இன் (கூடுதல் நிரல்) வேறு குவிக்கும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதற்கு ஐநோடு வரம்பு, அதாவது கோப்பு எண்ணிக்கை வரம்பு, உண்டு. அது நிரம்பினால் இடம் பாதி காலியாக இருந்தாலும் புதுப் படம் ஏறாது. வாங்குமுன் சாட்டில் இதைக் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்ட்ரி பிராசஸ். பக்கத்தை உருவாக்கும் பி.எச்.பி. நிரலுக்கு வரும் கோரிக்கைகளில் ஒரே நேரத்தில் எத்தனையைச் சர்வர் கையாளும் என்ற கணக்கு இது. வரம்பு 20 என்றும், ஒரு பக்கம் உருவாக 1 விநாடி என்றும் வைத்துக்கொண்டால், விநாடிக்கு 20 பேருக்குத்தான் பக்கம் போகும். பிளக்-இன்கள் கூடி 4 விநாடி ஆனால் 5 பேர். ஒரே சமயத்தில் காத்திருக்கும் இருபத்தோராவது ஆளுக்கு 508 என்ற வரம்புப் பிழை. சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது. சித்ரா பௌர்ணமி அன்று விடியற்காலை, அழகர் எத்தனை மணிக்கு வைகையில் இறங்குகிறார் என்று ஊரே தேடும்போது தெரியும். இதற்கு மருந்து பக்கக் கேஷ்: தயாராக இருக்கும் பக்கத்தை, பி.எச்.பி.யை எழுப்பாமல் சர்வரே கொடுத்துவிடும். சர்வர் மென்பொருள் லைட்ஸ்பீட் என்றால் அதன் கேஷ் பிளக்-இன் போதும். அப்பாச்சி என்ற வேறு மென்பொருள் ஓடும் சர்வரில் அதை நிறுவினால் பக்கக் கேஷ் வேலை செய்யாது; நிறுவிவிட்டு வேகம் வரவில்லையே என்று கிடப்பவர்கள் நிறைய.

வி.பி.எஸ். (நாமே நிர்வகிக்கும் தனி மெய்நிகர் சர்வர்) எடுத்தால் ஷேர்டு ஹோஸ்டிங்கின் இந்த வரம்பெல்லாம் இல்லை. ஆனால் 1 ஜி.பி. ராம் உள்ளதில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் நினைவகம் போதாமல் நடுராத்திரியில் செத்துப்போகலாம். ஸ்வாப் (டிஸ்கில் ஒதுக்கும் கூடுதல் நினைவகம்) வைக்காவிட்டால் காலையில் டேட்டாபேஸ் இணைப்புப் பிழைதான் காட்சி தரக்கூடும். லினக்ஸ் தெரிந்த ஆள் கூட இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். வீட்டிலேயே பழைய கம்ப்யூட்டரில் நடத்தலாமா என்ற யோசனையும் வந்தது. ரூட்டரில் தெரியும் ஐ.பி. முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், வெளியிலிருந்து நேராக யாரும் உள்ளே வர முடியாது. கரண்ட் கட் தனிக்கதை.

சர்வர் மும்பையிலோ பெங்களூரிலோ இருந்தால் நல்லது. அமெரிக்காவில் என்றால் மதுரையிலிருந்து தகவல் ஒரு தடவை போய்வர 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். சோதனை முகவரி கேட்டு வாங்கி, இரவு 9 மணி வாக்கில் பிங் போட்டு இந்த நேரத்தை அளந்து பார்க்க வேண்டும். காலையில் எல்லாச் சர்வரும் நன்றாகத்தான் தெரியும்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு சிக்கல். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுப்பதற்கான ஒப்புதல்) விதியால், வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கி ரினிவல் நம் கார்டில் பல நேரம் நடக்காது. யு.பி.ஐ. வாங்கும் இடமாகப் பார்த்தோம். ரினிவல் தேதிக்கு 15 நாள் முன்னால் கைப்பேசியில் நினைவூட்டலும் வைத்திருக்கிறோம்.

மாற்றும்போது தமிழுக்கென்று ஒரு கண்டம். டேட்டாபேஸின் எழுத்துமுறை utf8mb4 ஆக இருக்க வேண்டும். பழையது லத்தீன்-1 என்ற பழைய எழுத்துமுறையில் இருந்து, ஏற்றியபின் எழுத்துகள் விசித்திரக் குறிகளாகத் தெரிந்தால் பயமில்லை, பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அந்த நகலில் எழுத்து போனது போனதுதான். மூல பேக்கப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பதிவின் இணைய முகவரியிலும் கவனம் தேவை. வேர்ட்பிரஸ் 200 குறிகளில் வெட்டிவிடும், தமிழ் எழுத்தோ குறியீடாகும்போது 9 குறி பிடிக்கும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனி 9. 'அழகர் ஆற்றில் இறங்கும் நேரம்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'அழகர்-ஆற்றில்-இறங்கும்-ந' என்று நிற்கும். முகவரியை நாமே சுருக்கிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

டொமைனைச் சர்வரோடு இணைக்கும் டி.என்.எஸ். பதிவின் டி.டி.எல்.லை, அதாவது பழைய தகவலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, முந்தின நாளே 300 விநாடிக்குக் குறைத்தோம். மாற்றியபின் பழைய இலவசத் தளத்தை உடனே மூடாமல் இரண்டு வாரம் ஓடவிட்டோம். தினசரி பேக்கப் இப்போது கூகுள் டிரைவுக்குப் போகிறது. அதே சர்வரில் கிடக்கும் பேக்கப்பை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.