சன் போட்டோமீட்டரில் நேரத்தைச் சரிபாருங்கள்: டெல்லி மொட்டை மாடியில் பட்ட பாடு

காற்றில் மிதக்கும் புகையும் தூசியும் எவ்வளவு வெயிலைத் தடுக்கின்றன, தரை எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது, இதுதான் என் எம்.எஸ்சி. புராஜெக்ட். நேற்று கடைசி ஃபைலைக் கொடுத்துவிட்டேன். அடுத்து இதில் இறங்குகிறவர்கள் நான் பட்டதைப் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கருவிகள் ஒரே கையெழுத்தில் கிடைத்தன. மாடிக்கு அனுமதி வாங்கத்தான் பதினோரு நாள் ஆனது. முதல் நாள் அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனபோது கடிதத்தில் கருவியின் சீரியல் நம்பர் இல்லை என்றார் அங்கிருந்தவர். டெல்லி முனிர்காவுக்குத் திரும்பி, அதைச் சேர்த்து, மறுபடி இரண்டு பஸ் மாறிப் போனால் கேட் பாஸுக்குத் தனிக் கடிதம் வேண்டுமாம். அதையும் கொண்டுபோன அன்று கையெழுத்துப் போடுகிறவர் லீவு, ‘கல் ஆயியே’ (நாளைக்கு வாருங்கள்) என்று அங்கிருந்தவர் அனுப்பிவிட்டார். முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன? பஞ்சாப், ஹரியானா பக்கத்துப் பயிர்க்கழிவுப் புகை கனமாக வந்த நவம்பர் முதல் வாரம் அப்படியே கைவிட்டுப் போனது. இனி அடுத்த வருஷம்தான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, சன் போட்டோமீட்டரைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, நேரடி வெயிலை அளக்க ஆரம்பித்தேன். காலை ஒன்பது மணிக்கு ஏஓடி (காற்றிலுள்ள புகையும் தூசியும் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்று காட்டும் எண்) கொஞ்சம் கூடுதலாக வந்தது, புகைக் காலம்தானே என்று நம்பிவிட்டேன். நண்பகலில் மைனஸில் வந்தது. ஏஓடி மைனஸில் வரவே முடியாது. லென்ஸைத் துடைத்தேன், மேகம் என்று நினைத்தேன், குறி தப்பியதோ என்று மறுபடி மறுபடி எடுத்தேன். இப்படியே ஐந்து நாள். கடைசியில் சீனியர் அக்கா ஒருவர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, கடிகாரம் யூடிசியில இருக்கா?”

இல்லை, உலகப் பொது நேரமான யூடிசிக்குப் பதில், அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கும் நம்மூர் நேரத்தில் வைத்திருந்தேன். அந்தக் கருவி நேரத்தையும் இடத்தையும் வைத்துத்தான் சூரியனின் உயரத்தைக் கணக்கிட்டு, ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்று முடிவுசெய்கிறது. ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போனதால் என் காலை ஒன்பது அதற்கு மதியம் இரண்டரை, என் பன்னிரண்டு மணி அதற்கு மாலை ஐந்தரை, அதாவது சூரியன் மறைகிற நேரம். ஒளி மிக அதிகக் காற்றைக் கடந்து வந்ததாக அது கணக்குப் போட்டதால்தான் மைனஸ் வந்தது. காலையில் தவறு இருபது சதவீதம் அளவில்தான் என்பதால் கண்ணில் படவே இல்லை, அதுதான் பயங்கரம். நல்லவேளை, கருவி மூல மில்லிவோல்ட் அளவுகளையும் சேமித்திருந்தது. இரவோடு இரவாக எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டு ஐந்து நாளையும் மீட்டேன். மூலத் தரவை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

டெல்லியில் லாங்லி முறையில் (சூரியன் ஏற ஏற அளந்து, அளவுகளை நேர்கோடாக வரைந்து, காற்றே இல்லாவிட்டால் கருவி என்ன காட்டும் என்று கண்டுபிடிப்பது) கருவியைக் காலிபரேட் செய்யலாம் என்று இரண்டு காலைகளை வீணாக்கினேன். அதற்குக் காலை முழுக்கக் காற்று ஒரே மாதிரி இருக்க வேண்டும், இங்கே மணிக்கு மணி புகை மாறுகிறது, கோடு நேராக வரவே இல்லை. ஹவாயில் இருக்கும் மௌனா லோவா மாதிரி உயர்ந்த மலைகளுக்குப் போய் அதைச் செய்வது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

திருத்திய பிறகு ஒரு நாள் ஏஓடி 1-க்குப் பக்கத்தில் நின்றது. நவம்பர் நண்பகலில் சூரியன் சாய்ந்திருப்பதால், நான் அளந்த அலைநீளத்தில் நேரடி ஒளியில் புகையைத் தாண்டி வருவது கால் பங்குதான். அதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது மனசு கனத்தது.

தரைப் பிரதிபலிப்புக்கு ஒரு பைரனோமீட்டர் (எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் வெயிலைச் சேர்த்து அளக்கும் கருவி) வானத்தைப் பார்க்க, இன்னொன்று தரையைப் பார்க்க வைத்தேன். ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்தால் கீழ்க் கருவிக்கு வரும் ஒளியில் 90 சதவீதம் நாலரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள்ளிருந்து வரும், 99 சதவீதத்துக்குப் பதினைந்து மீட்டர் வேண்டும். என் மாடியில் அதற்குள் தண்ணீர் டேங்கின் நிழல் இருந்தது, இடத்தை மாற்றினேன். காலைப் பனி கண்ணாடிக் குவிமாடத்தில் படியும், தினமும் துடையுங்கள்.

அப்புறம் கைடு கேட்டார், வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு மாடியின் அளவு டெல்லித் தரைக்கு எப்படிப் பொருந்தும் என்று. நியாயமான கேள்வி. கருமையான தரைக்கு மேல் இருக்கும் புகை ஒளியை மேலே திருப்பிக் குளிர்விக்கும், பளிச்சென்ற தரைக்கு மேல் அதே புகை திரும்பி வரும் ஒளியையும் உறிஞ்சிச் சூடாக்கலாம். ஆகவே ஒரு புல்தரையும் தேவைப்பட்டது. இந்த முறை சீரியல் நம்பர், கேட் பாஸ், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் போட்டு, கையெழுத்துப் போடுகிறவர் இருக்கிறாரா என்று போன் செய்துவிட்டுப் போனேன். ஒரு மணி நேரத்தில் அனுமதி கையில்.