கொடைக்கானல் வெயிலும் ஒரு சிட்டிகை கால்சியமும்

கொடைக்கானலில் நாம் படித்த பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆய்வகங்கள் மூன்றும் தனித்தனிக் கட்டடங்களில் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஈரப் படிகளில் இறங்கி ஏறவேண்டும். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் குவாண்டம் இயக்கவியலை நாம் சந்தித்ததோ வேதியியலின் அணு அமைப்புப் பாடத்தில் மட்டும்தான். நான்கு குவாண்டம் எண்களை மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிட்டோம். அந்த மூன்று கட்டடங்களிலும் நடந்த பாடத்துக்கு அடியில் ஓடியது அந்தக் குவாண்டம் இயக்கவியலே என்பது, கடல்கடந்து வந்து தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகே எனக்கு விளங்கியது. விளக்கியது கால்சியம்.

சுடர் சோதனை நினைவிருக்கும். உப்போடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துப் பசையாக்கி, கண்ணாடித் தண்டின் நுனியில் எடுத்துச் சுடரில் காட்டுவோம். மூடுபனி சன்னலை அடைத்துக்கொண்ட நாள்களில் அறை இருண்டிருக்கும் என்பதால், கால்சியத்தின் செங்கல் சிவப்பு மற்ற நாள்களைவிடப் பளிச்சென்று தெரியும். அந்தச் சிவப்பு பெரும்பாலும் தனிக் கால்சியம் அணுவிலிருந்து வருவதில்லை, சுடரில் உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு மூலக்கூறிலிருந்து வருகிறது என்று அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தேர்வுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அதே ஆண்டு இயற்பியல் ஆசிரியர் எங்களைக் கொடைக்கானல் அப்சர்வேட்டரிக்கு அழைத்துச் சென்றார். 1899-இல் நிறுவப்பட்ட அந்தச் சூரிய ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில், சூரிய ஒளியைப் பிரித்து விரித்த நிறப்பட்டையும் அதன் குறுக்கே ஓடும் கரிய கோடுகளும் இருந்தன. அங்கேதான் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இத்தகைய கோடுகளின் சிறு இடப்பெயர்ச்சியைக் கொண்டு 1909-இல் கண்டறிந்தார். ஊதாவின் கடைக்கோடியில், ஏறத்தாழ 393.4 நானோமீட்டரில் இருக்கும், 'கே' எனப் பெயரிடப்பட்ட கரிய கோட்டைச் சுட்டி, "இது கால்சியம்" என்றார் ஆசிரியர். செங்கல் சிவப்பாக எரிந்தது எப்படி ஊதாவுக்குப் போயிற்று என்ற கேள்வி எங்கள் எவருக்கும் எழவில்லை.

விடை இதுதான். எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்வதால், அணுக்கருவின் பிடிக்குள் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே அதனால் நிலைத்திருக்க முடியும். மட்டத்துக்கு மட்டம் உள்ள வேறுபாடே, அணு வெளிவிடும் அல்லது விழுங்கும் ஒளியின் நிறமாகிறது. சூரியனின் மேலடுக்கில் கால்சியம் ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாக இருக்கிறது. எஞ்சிய எலக்ட்ரானின் மட்டங்கள் வேறு, ஆகவே நிறமும் வேறு. அங்கே அயனியாதல் ஏன் எளிதாக நிகழ்கிறது என்பதை வெப்பநிலையையும் தாழ்ந்த அழுத்தத்தையும் கொண்டு 1920-இல் கணக்கிட்டுக் காட்டியவர் மேகநாத் சாகா. ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் 1925, 1926-இல் குவாண்டம் இயக்கவியலின் முழுக் கோட்பாட்டை அமைப்பதற்கு முன்பே ஓர் இந்தியர் இதைச் செய்தார் என்பது, நம் பாடநூலில் ஒரு பத்தியாவது பெற்றிருக்கவேண்டிய செய்தி.

என் வேலையில் நான் அன்றாடம் பார்ப்பது மூன்றாவது நிறம். நீரில் கால்சியம் தரும் கடினத்தன்மையை அளக்க, அணு உட்கவர் கருவியின் சுடரில் மாதிரியைத் தூவி, 422.7 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்க்கிறோம். இது எலக்ட்ரான் எதையும் இழக்காத தனி அணுவின் நிறம். ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் பிணைந்தால் சிவப்பு, தனித்திருந்தால் நீலஊதா, ஓர் எலக்ட்ரான் போனால் ஊதாவின் விளிம்பு. வேதியியல் என்பது எலக்ட்ரான்களின் குவாண்டம் கணக்கு என்று புத்தகம் எழுதுவதை இந்த மூன்றும் கண்முன் காட்டிவிடும்.

உயிரியலுக்கு வருமுன் ஒரு வார்த்தை. குவாண்டம் என்ற பெயரில் கைக்காப்பும் தண்ணீரும் விற்பவர்களுக்கு இக்கட்டுரை சாட்சியாகாது. ஒளிச்சேர்க்கையில் ஆற்றல் குவாண்டம் அலைகளாகவே வழிதேடுகிறது என்று 2007-இல் எழுந்த பரபரப்பும், பின்னர் நடந்த மறுஆய்வுகளில் பெரிதும் தணிந்துவிட்டது.

உறுதியான செய்தி அதைவிடச் சுவையானது. இலை தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஐந்து ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதில் ஒரே ஒரு கால்சியமும் உண்டு. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஊடுகதிர் (எக்ஸ்-ரே) கொண்டு அதன் அமைப்பைத் துல்லியமாகக் கண்டார்கள். கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்ஷியத்தை வைத்தால் வேலை நடக்கும், ஆனால் மெதுவாக.

அந்தக் கொத்து ஒளியை எண்ணி வாங்குகிறது என்பதை 1969-இல் பியர் ஜோலியோவின் சோதனை காட்டியது. இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்களை இருட்டில் வைத்து, அவற்றின்மேல் மிகக் குறுகிய ஒளி வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாய்ச்சினால், முதல் இரண்டிலும் ஆக்சிஜன் அநேகமாக வருவதில்லை. மூன்றாவதில் மிகுதியாக வருகிறது, பிறகு ஏழாவதில், அதன்பின் பதினொன்றாவதில். ஒரு மூலக்கூறு ஆக்சிஜனை விடுவிக்க அங்கே நான்கு ஒளித்துகள்கள் வேண்டும். இருட்டில் ஓய்ந்திருக்கும்போதே கொத்து ஒருபடி முன்னேறிய நிலையில் நிற்பதால்தான் முதல் சுற்று மூன்றிலேயே முடிந்துவிடுகிறது என்று அடுத்த ஆண்டு விளக்கினார் பெசல் கொக்.