61,400 கி.மீ.: கிரௌன் ஆயிலைத் திறந்து பார்த்தேன்

இந்த வண்டியை மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டாமல் விற்பதில்லை என்று வாங்கிய அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். டீசல், நாலு சக்கர இயக்கம், பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்றது. "இதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி, ஜீப் மாதிரி உழைக்காது" என்று பெரியப்பா அன்றிலிருந்து சொல்லிவருகிறார். அவருடைய பழைய பெட்ரோல் ஜீப்பின் டாஷ்போர்டுப் பெட்டியில் என்ஜினுக்குத் தீப்பொறி தரும் அமைப்பின் உதிரிகளான ஒரு செட் பாயின்ட், ஒரு கண்டென்சர், அவற்றைத் தேய்க்க ஒரு துண்டு எமரித் தாள் எப்போதும் இருக்கும். அவற்றைச் சுமந்துகொண்டே போக வேண்டியிருந்த வண்டியை நம்பகமான வண்டி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. நின்ற இடத்திலேயே கிளப்பிவிடலாம், அவ்வளவுதான். அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. அதனால் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவருகிறேன்.

38,000 கி.மீ. வரை எழுத ஒன்றுமில்லை. அப்போது ஒருநாள் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், என்ஜின் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. ஆயில் குறைந்தால் கவலைப்படத் தெரியும். கூடினால் என்ன செய்வது? முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடை.

காரணம் புகைபோக்கியில் உள்ள டிபிஎஃப். கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி அது. நிறையும்போது உள்ளே வெப்பத்தைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றிக் கரியை எரித்துவிட வேண்டும். அந்தச் சூட்டுக்காக என்ஜின் கொஞ்சம் டீசலைக் காலந்தாழ்த்திக் கூடுதலாகத் தெளிக்கிறது. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேரும். வீட்டிலிருந்து கடைக்கு நான்கு கிலோமீட்டர். எரிப்பு பாதியில் இருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறேன். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. இதை வண்டியின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்டுக்குப் போக வாங்கிவிட்டுக் காய்கறி வாங்க ஓட்டினேன். ஆயிலைக் கெடுவுக்கு முன்பே மாற்றினேன். இப்போது ஞாயிறுதோறும் பாலக்காடு சாலையில் முக்கால் மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டித் திரும்புகிறேன். மட்டம் அதன்பின் ஏறவில்லை.

தனுஷ்கோடி போய்வந்த பிறகு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவினேன். அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை வந்துவிட்டதால் மணலில் இறங்கும் வேலை இல்லை. ஆனாலும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை; புகைக்குழாயின் போல்ட்டுகள் இரண்டு நாளில் செம்பட்டை கட்டிவிட்டன.

இப்போது தலைப்பு விஷயம். கிரௌன் என்பது அச்சின் நடுவில், சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரங்கள் ஆயிலில் ஓடும் கூடு.

ஆனைகட்டிப் பக்கம் நண்பரின் தோட்டம். வழியில் ஓர் ஓடை, முழங்காலளவு தண்ணீர். மலைப்பாதையில் ஓடி அச்சு நன்றாகச் சூடேறியிருந்த நேரம். நடுவில் இறங்கியபோது எதிர்க்கரையிலிருந்து ஒரு மாட்டு மந்தை வந்தது. ஐந்து நிமிடம் தண்ணீருக்குள்ளேயே நின்றேன். கடந்து போனேன், சாப்பிட்டேன், வீடு திரும்பினேன். திரையில் ஒரு விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, வேறு வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கக் கிரௌனைத் திறந்தேன். மீட்டர் 61,400. முதலில் ஊற்றும் துளையின் மூடியைத்தான் கழற்ற வேண்டும். அது இறுகிப்போயிருந்து, வடிகால் மூடியை முதலில் திறந்துவிட்டால், ஆயில் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு முழிக்க நேரும். அது கழன்றதும் கீழ் மூடியைத் திருகினேன். தேன் நிறத்தில் வர வேண்டியது பால் தூக்கலாகப் போட்ட டீயைப் போல வாளியில் விழுந்தது. மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு. பனியன் வேஸ்ட்டில் துடைத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். மாவு போலத்தான் இருந்தது, துணுக்கு எதுவும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

தண்ணீர் நுழைந்த வழியைத் தேடினேன். அச்சின் மேல் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சின்ன மூடி உண்டு, பிரீதர். சூட்டில் விரியும் காற்று வெளியே போகவும், ஆறும்போது உள்ளே வரவும் அதுதான் வழி. என்னுடையது செம்மண் அடைத்துக் கல்லாகியிருந்தது. சூடான அச்சு திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால், ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் வளையமான சீல் ஓரமாக எது கிடைக்கிறதோ அதை உறிஞ்சும். எனக்குக் கிடைத்தது ஓடைத் தண்ணீர்.

டயர் காற்று குறைந்தாலும், கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் சொல்கிற வண்டி இது. கிரௌனுக்கு மட்டும் யாரும் ஒரு சென்சார் வைக்கவில்லை. கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காத இடத்தில்தான் வண்டி கெட இருந்தது.

விலை குறைந்த ஆயிலை ஊற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வடித்தேன். வெளுப்பு இன்னும் கொஞ்சம் தெரிந்தது. மறுபடி ஒருமுறை. மூன்றாவதாகத்தான் கையேட்டில் சொன்ன ஆயில். பிறகு பிரீதரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்து மூன்று மீட்டர் டீசல் ஹோஸ் இழுத்து, பின்விளக்குக்குப் பின்னால் உயரத்தில் கொண்டுபோய் முடித்தேன். தூசி போகாமல் இருக்க முனையில் ஒரு சின்ன டீசல் ஃபில்டர். பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்பதில் கவனமாக இருந்தவன், ஹோஸுக்குத் தளர்வு விட மறந்துவிட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் அச்சு கீழே தொங்கியது, ஹோஸ் பட்டென்று பிடுங்கிக்கொண்டது. ஒரு சாண் கூடுதலாக விட்டு மறுபடி கட்டினேன்.

வடித்த ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப்போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் இதை மாற்றிவிடுவோமே, நீ மாற்றவில்லையா?" என்று கேட்டார். முப்பது வருடம் ஜீப் உழைத்த ரகசியத்தை இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ரகசியம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது.

68,200: மீண்டும் திறந்தேன். ஆயில் தேன் நிறம். பிரீதர் ஹோஸில் பிரச்சினை இல்லை. ஆனால் வலது பின்சக்கரத்தின் உட்புறத்தில் லேசான ஈரம், தொட்டால் பிசுக்கு. அன்று தண்ணீரை உள்ளே விட்ட சீல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். புது சீல் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பாலக்காடு சாலை இல்லை, சக்கரத்தைக் கழற்றுகிறேன்.