பாம்பன் நாட்குறிப்பு: சுருட்டும் அண்ணாச்சி கடையும்

24 மார்ச் 2020, செவ்வாய்

கொரோனாவுக்காக சாயங்காலம் 6 மணியிலேருந்து 144 தடையுத்தரவுன்னு சொல்லிட்டாங்க. ஊரே அரிசி பருப்புக்கு ஓடுது, நானும் ஓடி வாங்கிப்போட்டுட்டு கடைசியா அண்ணாச்சியோட பொகலக்கடைக்குப் போனேன். கடைன்னா என்ன, ஒரு மரப்பொட்டி, நாலு தகர டப்பா, வெத்தலைக்கு மேல ஈரச்சாக்கு, ஓரத்துல சுருட்டு பத்தவைக்க எப்பவும் பொகைஞ்சுக்கிட்டே தொங்குற தேங்காநார்க் கயிறு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அந்தக் கயித்து நெருப்பு அணைஞ்சு பாத்ததில்ல. இன்னைக்கு எங்கண்ணு முன்னாடி நுனிய மண்ணுல வச்சுத் தேச்சு அணைச்சாரு. "அம்புட்டுப் பேரும் இதைத்தான் கையில பிடிக்கிறாங்க தம்பி, வேணாம்"னாரு. எந்த அதிகாரியும் வந்து சொல்லல, அவரா செஞ்சாரு. ரெண்டு கட்டு கேட்டேன். "ஒண்ணு எடுத்துக்க, மத்தவங்களுக்கும் வேணும்ல"ன்னு ஒண்ணுதான் குடுத்தாரு.

6 ஏப்ரல் 2020, திங்கள்

பங்குனி உத்திரம். கோயிலெல்லாம் பூட்டிக்கெடக்கு. நம்ம பக்கம் கருப்பருக்கும் முனியய்யாவுக்கும் சுருட்டு வைக்காம படையல் உண்டா? பங்குனி சித்திரையிலதான் அண்ணாச்சிக்கு சுருட்டு நல்லா ஓடும், இந்த வருசம் ஒரு கட்டு கூட அப்படிப் போகல. தகவல் கேட்டு போன் போட்டேன். ஊரெல்லாம் மாத்திரைக்கு அலையுற நேரத்துல சுருட்டைப் பத்தி என்ன பேச்சுன்னு என் வீட்டுக்காரி கேட்டா. ஆனா அந்த மனுசனுக்கு சோறே அதுதானே.

சுருட்டு ஏன் பிடிக்குதுன்னும் எழுதி வச்சிர்றேன். பீடி ரெண்டு இழுப்புல முடிஞ்சிரும், கடல்காத்துல நாலு தடவ அணையும். சுருட்டு அப்படி இல்ல, எல மேல எல வச்சு இறுக்கிச் சுருட்டுனது, ஒரு தடவ நெருப்புப் பிடிச்சா நிதானமா எரியும், கச்சான்னு நாங்க சொல்ற மேக்குக் காத்துலயும் கங்கு உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கும். எங்க அய்யா வலை போட்டுட்டு வள்ளத்து முன்பக்கம் அணியத்துல உக்காந்து ஒண்ணு பத்தவச்சா அது தீர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசமாட்டாரு. பொகையை உள்ள இழுக்கக்கூடாது, வாயில வச்சு ருசி பாத்து விட்றணும்னு சொல்லிக்குடுத்ததும் அவருதான். அண்ணாச்சிக்கு சரக்கு திருச்சி உறையூர்லேருந்து வரும், வெள்ளைக்காரன் செரூட்டுன்னு சொல்றானே, அந்த வார்த்தையே நம்ம சுருட்டுலேருந்து போனதுதான். தலைமன்னாருக்குக் கப்பல் ஓடுன காலத்துல யாழ்ப்பாணத்துச் சுருட்டும் வருமாம், அந்த ருசியை அய்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

16 ஏப்ரல் 2020, வியாழன்

நேத்து மத்திய அரசு உத்தரவு. ஊரடங்கு மே 3 வரைக்கும், அதோட சாராயம், குட்கா, பொகல விக்கவே கூடாது, பொது எடத்துல துப்பக்கூடாது. துப்பக்கூடாதுங்கறது சரியான தடை, அதை நான் மனசார ஏத்துக்கிறேன். விக்கக்கூடாதுங்கறதுலயும் ஞாயம் இருக்கு, இது நெஞ்சைப் பிடிக்கிற நோயி, பொகையும் நெஞ்சுக்கு ஆகாது, அதுல எனக்கு மாத்துப்பேச்சு இல்ல. ஆனா பொட்டிக்கடைக்காரன் சாப்பாட்டுக்கு என்ன வழின்னு உத்தரவுல ஒரு வரி இல்லையே. நேத்துலேருந்து விசைப்படகுக்கும் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சிருச்சு, அவங்களுக்காவது நிவாரணம்னு ஒண்ணு இருக்கு. எங்களுது சின்ன வள்ளம், அதுக்கு தடை இல்ல, இருந்தும் ஐஸ் கெடைக்கல, நண்டையும் கணவாயையும் கம்பெனிக்காரங்க எடுக்கல, பிடிச்சதுல பாதி கருவாடாப் போச்சு.

30 ஏப்ரல் 2020, வியாழன்

ஒரு பய பைக்குல சுருட்டும் சிகரெட்டும் கொண்டுவந்து மூணு மடங்கு வெலைக்கு விக்கிறான். வாங்கல. அண்ணாச்சி டப்பாவுல சரக்கு கெடக்கு, நெனைச்சா அவரும் ராத்திரி பின்வாசல் வழியா அந்த வெலைக்கே வித்துருக்கலாம், செய்யல. அவரை விட்டுட்டு இவன்கிட்ட வாங்குனா நான் மனுசனா? இருந்த கட்டு தீந்து ஆறு நாள் ஆச்சு. மொத ரெண்டு நாள் தலைவலி, இப்ப பரவால்ல.

8 மே 2020, வெள்ளி

நேத்து டாஸ்மாக் தெறந்தாங்க, கூட்டத்தை டிவியில பாத்து பயந்துட்டேன். இன்னைக்கு கோர்ட்டு மூடச் சொல்லிருச்சு.

11 மே 2020, திங்கள்

டீக்கடையில பார்சல் குடுக்கலாம்னு விட்டுட்டாங்க. அண்ணாச்சியும் இன்னைக்குத்தான் பொட்டியத் தெறந்தாரு, கூட நின்னு தூசி தட்டிக்குடுத்தேன். அம்பது நாள் கிட்ட பூட்டிக்கெடந்த கடை. மொத டப்பா மூடியத் தெறந்ததும் ஈரவாடை குப்புன்னு அடிச்சுச்சு, மேல இருந்த கட்டு பூராம் வெள்ளையா பூசணம். ரெண்டாவது டப்பாவுல இருந்து ஒரு சுருட்டை எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு, ஊசியால குத்துன மாதிரி நாலஞ்சு ஓட்டை, உள்ளங்கையில தட்டுனா மாவா கொட்டுது, அதுக்குள்ள எள்ளு மாதிரி ஒரு செவப்பு வண்டு. ஒண்ணும் பேசல. ஒவ்வொண்ணா பாத்து நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம்னு பிரிச்சாரு. கெட்டதுதான் கூட. பூசணத்தைத் துணியால தொடச்சுட்டு வெயில்ல காயவச்சு வித்தா யாருக்குத் தெரியும்னு பக்கத்துல நின்னவரு சொன்னாரு. "வாயில வைக்கிற சாமான்யா அது"ன்னு அம்புட்டையும் சாக்குல அள்ளிக் கட்டிட்டாரு.

நாலாயிரம் ரூபா முன்பணமா குடுத்தேன், புது சரக்கு எறக்குங்க, மாசாமாசம் கழிச்சுக்கலாம்னு. வாங்க மாட்டேன்னாரு. வாடையில கடல் எறங்க முடியாம கெடந்த நாள்லயெல்லாம் எங்க அய்யா பேருல நோட்டுல எழுதி எழுதிக் குடுத்தீங்களே, அதுக்கு நீங்க ஒரு நாளாவது வாசல்ல வந்து நின்னு கேட்டீங்களான்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் கை நீட்டுனாரு. நான் சொன்னதைக் கேட்டு வள்ளத்து ஆளுங்க மூணு பேரும் ஆளுக்கு ஐநூறு குடுத்தாங்க. வெத்தல பாக்கு வாங்குற பொம்பளைங்களும் பழைய பாக்கியத் தீத்துட்டுப் போனா நல்லாருக்கும், நாளைக்கு வீடு வீடா சொல்லணும்.

2 ஜூன் 2020, செவ்வாய்

உறையூர் சரக்கு நேத்து வந்துருச்சு. எனக்குனு எடுத்து வச்சிருந்த கட்டைக் குடுத்துட்டு நோட்டுல கழிச்சு எழுதுனாரு. முன்னாடியெல்லாம் நாளைக்கு நாலு, இப்ப ஒண்ணுதான், அதுவும் வீட்டுல பேத்தி இருக்கறதால வாசல்ல கூட கெடையாது, கடல்ல மட்டும். வள்ளத்துல ஒரே சுருட்டு வாய்க்கு வாய் மாறிப்போற பழக்கம் எங்க அய்யா காலத்துலேருந்து உண்டு, அதையும் நிறுத்திட்டோம், அவனவன் சுருட்டு அவனவனுக்கு.

விடியக்காலம் ஊருக்குத் தெக்க இருக்குற தெங்கடல்ல வலை போட்டுட்டு உக்காந்தோம். கச்சான் அடிக்குது. ரெண்டு கையையும் குவிச்சு நாலாவது குச்சியிலதான் பத்துச்சு. மொதப் பொகை கொஞ்சம் கசப்பு, அப்புறம் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு நாக்குல நின்னுச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளுக்க ஆரம்பிச்சுச்சு, யாரும் பேசல.

கரைக்கு வந்ததும் ரெண்டு சீலா மீன் அண்ணாச்சி வீட்டுக்குக் குடுத்தனுப்புனேன். கடையில கயிறு இன்னும் மாட்டல, ஆணி மட்டும் இருக்கு. ஆளுக்கு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கங்கன்னு சொல்றாரு.