கோடு எழுதாமல் லினக்ஸ் கெர்னலுக்கு உதவ: பைசெக்ட் செய்யும் முறை

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை 6.8-இலிருந்து 6.9-க்கு அப்டேட் செய்ததும் லேப்டாப் சஸ்பெண்டிலிருந்து எழ மறுக்கிறது. பழைய கெர்னலில் பூட் செய்தால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மாதிரிக் கோளாறை ரெக்ரஷன் என்பார்கள். ஓடிக்கொண்டிருந்தது நிற்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாராக இருப்பவர், அதனால் இந்தப் புகார்களுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனாலும் ‘6.9-இல் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. உங்கள் லேப்டாப் டெவலப்பர் கையில் இல்லையே! கெடுத்த கமிட் (கோடில் பதிவான ஒரு மாற்றம்) எது என்று காட்டினால் கதையே வேறு. நடுவிலுள்ள கமிட்டைச் சோதித்து, மிச்சத்தைப் பாதி பாதியாகக் குறைத்து அதைக் கண்டுபிடிப்பதுதான் பைசெக்ட். அதற்கு சி மொழி தெரிய வேண்டியதில்லை.

முதலில் லினஸின் மெயின்லைன் மரத்தை, அதாவது கெர்னலின் மூலக் கோடுத் தொகுப்பை, முழு வரலாற்றோடு கிட் மூலம் குளோன் (நகல்) செய்யுங்கள். வரலாறு இல்லாத மேலோட்டமான குளோனில் பைசெக்ட் நடக்காது. ஹோமில் 15 ஜிபியாவது காலி வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். கையொப்பமில்லாத கெர்னலை அது ஏற்றாது. என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற வெளி மாட்யூல்களையும் (கெர்னலில் ஏறும் துணைத் துண்டுகள்) எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் கெர்னல் ‘டெயின்டட்’ (கறைபட்டது) ஆகிவிடும், புகாரை யாரும் சீண்ட மாட்டார்கள்.

அடுத்து, நன்றாக ஓடும் கெர்னலில் பூட் செய்து ‘மேக் லோக்கல்மாட்கன்ஃபிக்’ கொடுங்கள். அது கன்ஃபிக்கை, அதாவது கெர்னலில் எவை சேர வேண்டும் என்ற பட்டியலை, உருவாக்கும். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும் என்பதால், பில்ட் (கோடிலிருந்து கெர்னலைக் கட்டும்) நேரம் வெகுவாகக் குறையும். யுஎஸ்பி டிரைவ், ப்ளூடூத், விபிஎன் எல்லாவற்றையும் அதற்கு முன் ஒருமுறை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுக் கெர்னலில் அவை இருக்காது. உபுண்டு, டெபியன் கன்ஃபிக்கில் நம்பகச் சாவிகளுக்கான வரி உங்களிடம் இல்லாத ஒரு ஃபைலைக் காட்டும். பில்ட் அங்கேயே நிற்கும். அதைக் காலி மேற்கோளாக்குங்கள். பிழை தேட உதவும் டீபக் தகவலையும் அணைக்கலாம். அணைக்காவிட்டால் நிறுவும்போது மாட்யூல்களிலிருந்து அதை நீக்க ‘ஸ்ட்ரிப்’ செய்தாக வேண்டும். இல்லையென்றால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்பு) ஊதிப் பெருத்து பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடும். இந்தக் கன்ஃபிக்கை வேறு பெயரில் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு பில்டுக்கும் முன் திரும்பக் காப்பி செய்யுங்கள். முன்னும் பின்னும் தாவும்போது சில ஆப்ஷன்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

பைசெக்டுக்கு முன் இரண்டு பில்ட் கட்டாயம். இன்றைய மெயின்லைனிலும் பக் இருக்கிறதா? ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தால் வேலை மிச்சம். நீங்களே பில்ட் செய்த 6.8 உண்மையிலேயே நன்றாக ஓடுகிறதா? டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்றவை) கொடுத்த 6.8-ஐ வைத்து முடிவு கட்டாதீர்கள், அதில் அவர்களுடைய பேட்ச்களும் (கோடு மாற்றங்கள்) இருக்கும்.

இனி ‘கிட் பைசெக்ட் ஸ்டார்ட்’, பிறகு 6.9-க்கு ‘பேட்’, 6.8-க்கு ‘குட்’. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் பாதியாகும். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கு மேல் கமிட்கள் இருந்தாலும் ஏறக்குறைய 14 பில்டில் முடிந்துவிடும். நடுவில் பதிப்பு எண் 6.8-ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்று பின்னால் போகும். பதற வேண்டாம்: துணை மரங்கள் பழைய ஆர்சியிலிருந்து பிரிந்தவை, பின்னர்தான் இணைந்தவை. பூட்டே ஆகாத கெர்னலுக்கு ‘ஸ்கிப்’ கொடுங்கள். ‘பேட்’ கொடுத்தால் தடம் மாறிவிடும்.

எல்லாவற்றையும் கவிழ்ப்பது ஒரே ஒரு தவறான ‘குட்’தான். பத்தில் மூன்று முறை மட்டும் தலைகாட்டும் பக்கை ஒருமுறை சோதித்து ‘குட்’ போட்டால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கமிட்டில் போய் நிற்பீர்கள். பத்துப் பதினைந்து முறை சஸ்பெண்ட் செய்து பார்த்த பிறகே ‘குட்’. சந்தேகம் வந்தால் பைசெக்ட் லாகைச் சேமித்து, தவறான வரியை அழித்து ‘ரீப்ளே’ செய்யலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

குற்றவாளி கிடைத்ததும் அந்தக் கமிட்டை மெயின்லைனில் ‘ரிவர்ட்’ செய்து, அதாவது நீக்கிப் பாருங்கள். பக் மறைந்தால் கேஸ் உறுதி. மோதல் வந்து ரிவர்ட் முடியவில்லையா, அதையும் எழுதுங்கள். மின்னஞ்சலை எச்டிஎம்எல் இல்லாத வெறும் உரையாக, கமிட்டை எழுதியவருக்கும் கையெழுத்திட்டவர்களுக்கும் அனுப்புங்கள். ரெக்ரஷன் மின்னஞ்சல் பட்டியலையும் நகலில் சேருங்கள். டிமெசேஜ் (கெர்னலின் செய்திப் பதிவு), கன்ஃபிக், பைசெக்ட் லாக் மூன்றும் வேண்டும்.

பிறகு சோதித்துப் பார்க்கச் சொல்லி பேட்ச் வரும். பலன் தந்ததா இல்லையா என்று சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும். ‘ரிப்போர்ட்டட்-பை’, ‘டெஸ்டட்-பை’ வரிகளில் உங்கள் பெயரும் முகவரியும் கெர்னல் வரலாற்றில் ஏறும், அழிக்க முடியாது. எனவே எந்த முகவரி என்பதை முதல் மடலுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.