அளவுப் புத்தகமும் ஒளியின் தூதனும்

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில், பிசாசைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குப் போனால் குழந்தையின் காய்ச்சல், கணவனின் குடி, தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது எல்லாம் அவன் கணக்கில்தான் எழுதப்படும். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அரசின் பொறியியல் துறை ஒன்றில் இளநிலைப் பொறியாளராக இருந்து, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமச் சாலைகளிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். நான் அவனைச் சந்தித்த இடங்களில் அலறல் கேட்டதில்லை. மரியாதையாகப் பேசினான். பெரும்பாலும் நியாயம் பேசினான். சில வேளைகளில் வசனமும் சொன்னான்.

பொறியியல் துறைகளில் வேலைக்கான பணம் ஒரு புத்தகத்தின் வழியாகத்தான் வெளியே போகும். அளவுப் புத்தகம் என்று பெயர். எம்-புக் என்றே சொல்வோம். பக்கங்களுக்கு முன்பே எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. மையால்தான் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் அழிக்கக் கூடாது. கோடிட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். எண்ணிக்கை, நீளம், அகலம், கனம் ஆகிய நான்கு கட்டங்களையும் நிரப்பி, அளந்தவன் நான்தான் என்று கீழே கையெழுத்துப் போட்டால் அது பணமாகிவிடும். மேலே இருப்பவர்கள் ஒரு பங்கைச் சரிபார்ப்பார்கள். மற்றபடி அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பில் நகர்கிறது.

ஜல்லிச் சாலையில் ஓர் அடுக்கு, உருளை ஓடி இறுகிய பின் 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 60 இருந்தால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. 3.75 மீட்டர் அகலமுள்ள சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு அந்த 15 மில்லிமீட்டரைப் பெருக்கிப் பாருங்கள்: 56.25 கன மீட்டர். ஒப்பந்ததாரர்கள் கணக்கில் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) ஏறக்குறைய 20 யூனிட் ஜல்லி. அது குவாரியை விட்டுக் கிளம்பவே இல்லை. புத்தகத்தில் மட்டும் வந்து இறங்கிவிட்டது. சிறுபாலத்தின் அஸ்திவாரம் இன்னும் வசதியானது. மண் மூடிய பிறகு அதன் ஆழம் ஆண்டவருக்கும் கொத்தனாருக்கும் எனக்கும்தான் தெரியும்.

பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்று உபாகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. ஞாயிறு பள்ளியில் இதை வியாபாரிகளுக்கான வசனமாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து கையில் டேப் வந்த பிறகு அது என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கியது.

சோதனை அதிகம் வருவது மார்ச்சில். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களும் நிதியாண்டின் முடிவும் சேர்ந்தே வருவது எங்கள் துறையில் கிறிஸ்தவனாக இருப்பவனுக்கு வாய்த்த விசேஷம். காலையில் தியானத்தில் இயேசுவைப் பிசாசு சோதித்த வனாந்தரத்துச் சோதனையை வாசித்துவிட்டு அலுவலகம் போனால், மேசையின் மேல் முடியாத வேலையின் எம்-புக் காத்திருக்கும். ஒருமுறை மேலதிகாரி என்னை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு யாரும் ஒரு ரூபாய்கூட நீட்டவில்லை.

“வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. 31ஆம் தேதிக்குள் முழுத் தொகைக்கும் பில் போடாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். மீதியை ஏப்ரலில் முடித்துவிடப் போகிறோம். உம்முடைய மனசாட்சிக்காக ஓர் ஊரே சேற்றில் நடக்க வேண்டுமா?”

இதில் எந்த வாக்கியம் தவறு? ஒதுக்கீடு காலாவதியாவது உண்மை. ஊர் சேற்றில் நடப்பதும் உண்மை. ஒரே ஒரு பொய்தான் தேவைப்பட்டது, அதுவும் ஒரு மாதத்தில் உண்மையாகிவிடும் பொய். “முடிந்தவரை அளந்து எழுதுகிறேன் சார், முடியாததை எழுத மாட்டேன்” என்றேன். அதற்கு மேல் நான் பேசவில்லை. முடிந்த பகுதிக்கு மட்டும் பில் போனது. மீதிப் பணம் திரும்பிப் போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் அடுத்த மழையிலும் சேற்றில்தான் நடந்தார்கள். என்னை ஏசவும் செய்தார்கள். சாட்சிக் கூட்டங்களில் இந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. கீழ்ப்படிந்த மறுநாளே வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் விழுந்துவிடும் என்று கேட்டு வளரும் பிள்ளைகள், அது விழாத முதல் மார்ச்சிலேயே தடுமாறிப்போகிறார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: முழுத் தொகைக்கும் மார்ச்சிலேயே பில் போடப்பட்ட வேறு சாலைகளையும் பார்த்திருக்கிறேன். பணம் கைக்கு வந்த பிறகு ஜல்லி இறக்க ஒப்பந்ததாரருக்கு என்ன அவசரம்? ஏப்ரல் என்பது அடுத்த ஏப்ரலாகிவிடும்.

நான் அதிகம் பேசாததற்குக் காரணம் உண்டு. ஏதேன் தோட்டத்தில் சர்ப்பம் முதலில் ஒரு கேள்விதான் கேட்டது. ஏவாள் பதில் சொல்லத் தொடங்கினாள். தேவன் சொல்லாத ‘தொடவும் வேண்டாம்’ என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பேச்சு வளர்ந்தது. பேச்சு வளர்ந்த இடத்தில் கனி பார்வைக்கு இன்பமாகிவிட்டது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசு புதிதாக ஒரு வாதத்தையும் உண்டாக்கவில்லை. மூன்று சோதனைக்கும் உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து மூன்று வசனங்கள். ‘எழுதியிருக்கிறதே’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாவது சோதனையில் பிசாசே 91ஆம் சங்கீதத்தை எடுத்துப் பேசினான் என்பதையும் கவனிக்க வேண்டும். வசனம் வருகிறது என்பதற்காக அது ஆண்டவரிடமிருந்து வருகிறது என்று ஆகாது. வாதத் திறமையில் அவன் நம்மைவிட மூத்தவன். அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கலாம் என்று போகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. என்ன எழுதுவேன், என்ன எழுத மாட்டேன் என்பது பிப்ரவரிக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான சோதனை கோயில் வாசலில் வந்தது. அப்போது எங்கள் கோயிலில் தரை பெயர்ந்து கிடந்தது. சேகரக் கமிட்டி நிதி திரட்டிக்கொண்டிருந்தது. ஆராதனைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் சபையைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஒருவர் ஞாயிறு ஆராதனை முடிந்து என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார். அவர் கட்டிய தடுப்புச்சுவர் ஒன்றின் அளவு என் கையில் இருந்தது.

“அண்ணாச்சி, உங்களுக்கு நான் ஒரு பைசாகூடத் தரமாட்டேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? கோயில் முழுவதற்கும் கல் பதித்துத் தருகிறேன். உங்கள் பெயரில்கூட வேண்டாம், ஆண்டவர் பெயரில் இருக்கட்டும். தாவீது ஆலயத்துக்கு எவ்வளவு சேர்த்து வைத்தான்! அந்தச் சுவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்.”

சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அன்றுதான் கண்ணெதிரே பார்த்தேன். ஒப்பந்ததாரரைப் பிசாசு என்று சொல்லவில்லை. அவர் இன்றும் எனக்கு நண்பர்தான், பாடகர் குழுவில் நல்ல குரல் அவருடையது. அந்த யோசனைதான் வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. எனக்கு நினைவுக்கு வந்தவன் தீர்க்கதரிசி எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. குஷ்டம் நீங்கிய படைத்தலைவன் நாகமான் கொடுத்து, எலிசா வேண்டாம் என்று சொன்ன காணிக்கையை வாங்க அவன் பின்னால் ஓடியவன், தனக்கு வேண்டும் என்றா கேட்டான்? எப்பிராயீம் மலையிலிருந்து இரண்டு வாலிபத் தீர்க்கதரிசிகள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வேண்டும் என்றான். ஊழியத்துக்கு என்று கேட்டதால் நாகமான் சந்தோஷமாக இரண்டு தாலந்து கொடுத்தான்.

“தம்பி, சுவர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு எழுதி பில் அனுப்புகிறேன். நான் இந்த இடத்தை விட்டு மாறிப்போன பிறகு நீங்களே நேராகப் போதகர் ஐயரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்” என்றேன். நான் மாறிப்போனேன். அவர் கொடுக்கவில்லை. கோயில் தரை அதன் பின்னும் சில ஆண்டுகள் பெயர்ந்தே கிடந்தது. கமிட்டியில் இருவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மாமூல் பணத்தில் தசமபாகம் எடுத்துக் காணிக்கைப் பையில் போடுவது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அதிகாரி கொண்டுவந்த பூசணிக்காயை ஒப்பந்ததாரர் ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்பது, இவையெல்லாம் எங்கள் சபைகளில் யாரும் முகம் சுளிக்காத காரியங்கள். பேய் ஓட்டுகிறவர்களுக்கு நாம் கொடுக்கும் மேடையில் பாதியை இதைப் பேசுகிறவர்களுக்குக் கொடுத்தால் தேவலை.

பயத்தால் வருகிற நேர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழல் தடுப்புத் துறை விரிக்கும் பொறியில் நோட்டுகளில் பினாப்தலீன் தூள் தடவிக் கொடுப்பார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். அலுவலகத்தில் யாராவது அப்படிச் சிக்கினால் சில வாரங்களுக்கு எல்லாரும் பரிசுத்தவான்கள். பிறகு டிரைவர் கையில் வாங்கிக்கொள்வார்கள், மைத்துனரின் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். தண்ணீர் நிறம் மாறுவதற்குப் பயப்படுகிறவன் தண்ணீரைத் தொடாமல் இருக்க வழி கண்டுபிடித்துவிடுகிறான்.

எதிர்த்து நிற்கிறவனுக்கென்று பிசாசு தனியாக ஒரு வஞ்சகம் வைத்திருக்கிறான்: நீ ஒருவன்தான் யோக்கியன் என்று காதில் ஓதுவது. எலியாவே சூரைச்செடியின் கீழ் படுத்த பிறகு, ‘நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்’ என்று முறையிட்டான். பாகாலுக்கு முழங்கால் படியாதவர்கள் 7,000 பேர் இருப்பதைக் கர்த்தர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு இஸ்லாமியப் பெரியவர் இருந்தார். தம் மேசைக்கு வருகிற எந்த பில்லிலும் பிழை இருந்தால் திருப்புவார், இல்லாவிட்டால் அன்றைக்கே அனுப்புவார். டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கமாட்டார். சுடலைமாடன் கொடைக்கு முறை தவறாமல் போகும் சாலைப் பணியாளர் ஒருவர், மீந்த தார் பீப்பாயை வெளியே விற்கலாம் என்று வந்த ஆளை மண்வெட்டியோடு விரட்டினார். இவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு ‘நான் ஒருவன்’ என்று சொல்ல வாய் வராது. ஆண்டவர் எனக்குத் துணையாக யாரையெல்லாம் வைத்திருந்தார் என்பதைப் பார்க்கத்தான் முடிந்தது.

‘பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்’ என்ற யாக்கோபின் வார்த்தை பல வீடுகளில் காலண்டரில் தொங்குகிறது. அதற்கு முன்னால் ‘தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்’ என்று இருப்பது பல காலண்டர்களில் இடம்பெறுவதில்லை. ஓடிப்போகிறவன் ஒரேயடியாகப் போவதுமில்லை. வனாந்தரத்துச் சோதனை முடிந்த பின் அவன் ‘சிலகாலம்’ விலகிப்போனான் என்றுதான் லூக்கா எழுதுகிறார். என்னிடம் அனுசரித்துப்போகச் சொல்லிக் கேட்பதை ஒப்பந்ததாரர்கள் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு வந்தது மொட்டைக் கடிதம். நான் கமிஷன் வாங்கிக்கொண்டு கனம் குறைந்த சாலைக்கு அளவு எழுதியதாகப் புகார். விசாரணைக்கு வந்தவர்கள் சாலையில் இடம்விட்டு இடம் சோதனைக் குழி வெட்டி அளந்தார்கள். ஒவ்வொரு குழியிலும் ஸ்கேல் வைக்கும்போது என் மனைவி வீட்டில் முழங்காலில் இருந்தாள். நான் சாலையோரம் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். அளவு புத்தகத்தோடு ஒத்துப்போனது. புகார் தள்ளுபடியானது, இடமாறுதல் மட்டும் வந்தது. தானியேலிடம் குற்றம் காண முடியாதவர்களும் அவனைச் சும்மா விடவில்லையே என்று மனைவி சொன்னாள்.

இப்போது பல வேலைகளில் அளவைக் கணினியில் ஏற்றுகிறார்கள். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு புகைப்படமும் எடுக்க வேண்டும். எங்கள் சபையில் புதிதாகப் பொறியாளராகச் சேர்ந்திருக்கும் பையன், “மாமா, இனி ஏமாற்ற வழியில்லை” என்று சொன்னான். புகைப்படத்தில் கனம் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மார்ச்சில் மேலதிகாரி வற்புறுத்தினால் என்ன செய்வது என்று அவனே கேட்டான். ஜனவரியிலேயே எந்த வேலை எவ்வளவு முடியும், எது முடியாது என்று மேலே கடிதம் எழுதி, கால நீட்டிப்புக் கேட்டுவிடச் சொன்னேன். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள், சம்பளத்துக்கு மேல் வீட்டுக்கு எதுவும் வராது என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிடு, வாரம் ஒருமுறை என்னோடு ஜெபிக்க வா என்றேன். இந்த ஆண்டு கடிதம் கொடுத்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.